பாட்டுக் கேட்க மலிவான கொம்பியூட்டர் ஸ்பீக்கர்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒரு மடிக்கணினியோ மேசைக் கணினியோ இருக்கிறது. அதில் பாட்டு வடிவாகக் கேட்க வேண்டும், ஆனால் பெரிதாகச் செலவழிக்க முடியாது. இந்த நிலையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும் இவை. கேம் விளையாடவும் கலியாண வீட்டை அதிரவைக்கவும் செட் தேடுபவர்களுக்கு இதில் பாதிதான் உதவும். கதிரையை இழுத்துப் போட்டு, மேசைக்கு முன்னால் இருந்து பாட்டை மட்டும் கேட்பவர்களை நினைத்து எழுதியது.

சப்வூஃபரோடு (பேஸுக்கென்று தரையில் வைக்கும் தனிப்பெட்டி) வரும் 2.1 செட் நல்லதா, இரண்டு பெட்டி மட்டும் உள்ள 2.0 நல்லதா?

பாட்டுக்கு என்றால் 2.0. இதில் எனக்கு இரண்டாம் யோசனையே இல்லை.

மலிவு 2.1 செட்டில் மேசைமேல் நிற்கும் குட்டிப் பெட்டிகளுக்குள் இருப்பது இரண்டு அல்லது இரண்டரை அங்குல ஸ்பீக்கர். அது 150, 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே இறங்கத் திணறும் (ஹேர்ட்ஸ் எண் குறையக் குறைய ஒலி கனமாகும்). ஆண்குரலோ ஏறக்குறைய 85 ஹேர்ட்ஸிலேயே தொடங்கிவிடுகிறது. எனவே குரலின் அடிப்பகுதி காலுக்கடியில் இருக்கும் சப்புக்குப் போகிறது, மீதி மேசைமேல் நிற்கிறது. கச்சேரி கேட்டால் உடனே பிடிபடும்: மிருதங்கத்தின் வலந்தலை கண்ணுக்கு முன்னால், கனத்த ஒலி தரும் இடப்பக்கமான தொப்பி மேசைக்குக் கீழே. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஓட்டை.

மலிவு சப்பில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. அதற்குத் தெரிந்தது ஒரே சுருதிதான். பேஸ் கிட்டாரின் ஆகத் தாழ்ந்த கம்பி 41 ஹேர்ட்ஸ். அங்கிருந்து ஏறி இறங்கி ஓடும் ஒரு வரியை இந்த சப் "டும், டும்" என்று ஒரே இடத்தில் நின்று அடித்துக் காட்டும். எண்பதுகளின் இளையராஜா பாடல்களில் பேஸ் கிட்டார் எவ்வளவு அழகாக நகர்கிறது என்பதை இப்படியொரு செட்டில் பல வருடம் கேட்டவர்கள்கூடக் கவனித்திருக்க மாட்டார்கள்.

அதே காசுக்கு 2.0 வாங்கினால் மூன்றரை, நான்கு அங்குல ஸ்பீக்கரும் மேல் ஒலிக்குத் தனி ட்வீட்டரும் கிடைக்கலாம். நெஞ்சில் குத்தும் பேஸ் வராது. வருகிற பேஸ் ஒழுங்காக இருக்கும். பாதி நேரம் படம் பார்ப்பதுதான் வேலை என்றால் 2.1 எடுங்கள், குற்றமில்லை.

பெட்டியில் 3000 வாட்ஸ் என்று போட்டிருக்கிறதே?

அது பீஎம்பீஓ, ஒரு கணத்து உச்சம் என்று சொல்லப்படுவது. எந்த நியமமும் இல்லாத கணக்கு, அச்சடிப்பவரின் துணிச்சலைப் பொறுத்தது. பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ், அதாவது நின்று தொடர்ந்து வரும் வாட்ஸ்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் "எடுங்க தம்பி, வீடே அதிரும்" என்று சொல்லும்போது, "நானா, ஆர்எம்எஸ் எவ்வளவு?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால் பெட்டியைத் திருப்பிப் பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள், அல்லது கூட வரும் அடாப்டரைப் பாருங்கள். உள்ளே போகிற மின்சாரம் எவ்வளவு என்று சின்ன எழுத்தில் இருக்கும். "5 வோல்ட், 1 ஆம்பியர்" என்றால் பெருக்கிப் பாருங்கள்: 5 வாட்ஸ். ஐந்து வாட்ஸ் உள்ளே போகும் பெட்டியிலிருந்து ஐந்துக்கு மேல் நின்று வராது. பழைய யூஎஸ்பி 2.0 துளையில் மட்டும் ஓடும் செட் என்றால் அந்தத் துளை தருவதே 5 வோல்ட், அரை ஆம்பியர், அதாவது இரண்டரை வாட்ஸ். இந்தப் பெருக்கல் தெரிந்தால் விற்பவரோடு வாதாட வேண்டிய தேவையே இல்லை.

அப்படியானால் எத்தனை வாட்ஸ் வேண்டும்?

நினைப்பதைவிட மிகக் குறைவு. சாதாரண மேசை ஸ்பீக்கர் ஒரு வாட்ஸில் ஒரு மீற்றர் தூரத்தில் ஏறக்குறைய 85 டெசிபெல் தரும். மேசையில் நீங்கள் இருப்பது அதைவிடக் கிட்ட. வீட்டில் இருந்து நிம்மதியாகப் பாட்டுக் கேட்கும் சத்தம் 70, 75 டெசிபெல். ஆகவே பெரும்பாலான நேரம் ஓடுவது ஒரு வாட்ஸுக்கும் குறைவு. தவில் தனி ஆவர்த்தனம் மாதிரித் திடீரென்று எகிறும் இடங்களுக்குத்தான் மிச்சம் கையிருப்பாக இருக்க வேண்டும்.

வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபெல் மட்டும். காதுக்கு அது "கொஞ்சம் கூடியிருக்கோ?" என்ற அளவுதான். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறையப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். எனவே 20 வாட்ஸா 40 வாட்ஸா என்று மண்டையை உடைக்க வேண்டாம். ஸ்பீக்கரின் அளவையும் பெட்டியின் தரத்தையும் பாருங்கள்.

சரி, பெயரைச் சொல்லுங்கள். எதைப் பார்ப்பது?

அடிமட்ட பட்ஜெட்டில் கிரியேட்டிவ் பெப்பிள். சவுண்ட் பிளாஸ்டர் அட்டை செய்த அதே சிங்கப்பூர் நிறுவனம். உருண்டையான இரண்டு குட்டி ஸ்பீக்கர், 45 பாகை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். மேசையில் வைத்தால் ஒலி நேரே முகத்துக்கு வருவது இந்தச் சாய்வால்தான். கீழ் ஒலி 100 ஹேர்ட்ஸ் வரைதான் என்று நிறுவனமே சொல்கிறது. அது நேர்மையான எண். குரல் தெளிவாக இருக்கும். பெப்பிள் வி2 யூஎஸ்பி டைப்-சியில் ஓடும், 8 வாட்ஸ் ஆர்எம்எஸ். வி3 இல் யூஎஸ்பி வழியாகவே பாட்டும் போகும், புளூடூத்தும் உண்டு. மூன்றும் கடையில் ஒரே மாதிரித் தெரியும், பெட்டியில் எது என்று வாசித்து வாங்குங்கள்.

அதற்கு மேலே எடிஃபையர் நிறுவனத்தின் பெட்டிகள். ஆர்980டி (R980T) 24 வாட்ஸ், ஆர்1280டி (R1280T) 42 வாட்ஸ், இரண்டிலும் கீழ் ஒலிக்கு நான்கு அங்குல வூஃபரும் தனி ட்வீட்டரும் இருக்கின்றன. ஆர்1280டியின் பேஸ் துவாரம் முன்பக்கம் இருப்பதால் சுவரோடு ஒட்டி மேசை போட்டிருக்கும் சின்ன அறைக்கு அது தோதானது. பக்கவாட்டில் பேஸ், ட்ரெபிள் (மேல் ஒலி) குமிழ்கள் உண்டு, ரிமோட்டும் வரும். புளூடூத், ஒப்டிகல் எல்லாம் வேண்டும் என்றால் ஆர்1280டிபி (R1280DB). பாட்டு எடிட் பண்ணுகிறீர்கள், குரல் பதிவு செய்கிறீர்கள் என்றால் அதே நிறுவனத்தின் எம்ஆர்4 அல்லது பிரிசோனஸ் எரிஸ் 3.5 மாதிரியான ஸ்டூடியோ மொனிட்டர் ஸ்பீக்கர். அவை ஒலியை அலங்கரிக்காது. மோசமான பதிவு மோசமாகவே கேட்கும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

என்னைக் கேட்டால், பெப்பிளுக்கும் எடிஃபையருக்கும் நடுவில் கிடக்கும் விலையில், விளக்கு மின்னும் கேமிங் ஸ்பீக்கருக்குக் காசு போடுவதைவிட இரண்டு மாதம் பொறுத்து எடிஃபையருக்குப் போவது மேல்.

விலையை ஏன் சொல்லவில்லை?

சொன்னால் அடுத்த மாதம் பொய்யாகிவிடும். 2022 மார்ச்சில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டாலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. அதன் பிறகு இறங்கியது, ஏறியது. இவை எல்லாம் இறக்குமதிச் சாமான், டாலரோடுதான் ஆடும்.

விலை விசாரிக்கும்போது இரண்டு விசயம் கேளுங்கள். வற் சேர்த்த விலையா? 2024 ஜனவரியிலிருந்து வற் 18 வீதம், பின்னால் சேர்த்தால் கணக்கு எகிறும். காசுக்கும் கார்டுக்கும் ஒரே விலையா? பல கடைகளில் இல்லை.

எங்கே போய் வாங்குவது?

கணினிச் சாமானுக்குப் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா. மஜெஸ்டிக் சிட்டிக்குப் பக்கத்துக் கட்டடம், வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியில் பஸ் ஏறினால் சில நிமிடம். மாடி மாடியாக ஏறி நாலைந்து கடையில் ஒரே மொடலுக்கு விலை கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் இருக்கும். புறக்கோட்டையில் மலிவு, பேரம் பேசலாம், ஆனால் அசல் எது நகல் எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்லைனில் என்றால் முகவரிடமிருந்து வருகிறதா, யாரோ ஒருவர் தருவித்து விற்கிறாரா என்று பாருங்கள்.

நகலைப் பிடிக்க ஒரு வழி எடை. ஆர்1280டி இரண்டு பெட்டியும் சேர்ந்து 5 கிலோ அளவில் இருக்கும். கையில் தூக்கும்போது வெறும் பெட்டி மாதிரி இருந்தால் வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

கடையில் எப்படிக் கேட்டுப் பார்ப்பது?

கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்காதீர்கள். அவர் போடுவது எந்தப் பெட்டியையும் பெரிதாகக் காட்டும் பாட்டு, பேஸைக் கூட்டியும் வைத்திருப்பார். உங்களுக்கு அத்துப்படியான நாலு பாட்டை ஃபோனில் இறக்கி, 3.5 மில்லிமீற்றர் வயர் ஒன்றோடு போங்கள். ஃபோனில் ஓட்டை இல்லாவிட்டால் அதற்குரிய டொங்கிளும் வேண்டும்.

பேஸ், ட்ரெபிள் குமிழ்களை நடுவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். முதலில் சத்தத்தைக் குறைத்துக் கேளுங்கள். நல்ல ஸ்பீக்கர் மெல்லிய சத்தத்திலும் சொல்லைத் தெளிவாகத் தரும், மோசமானது சத்தம் கூடினால்தான் உயிர்க்கும். பெண்குரலில் ச, ஸ வரும் இடங்களைக் கவனியுங்கள். ஊசி குத்துகிற மாதிரி "ஸ்ஸ்" என்று தெறித்தால் ஒரு மணி நேரத்தில் தலையிடிக்கும். அடுத்து ஒரு தம்புரா சுருதி. அது இடைவிடாமல் ஓடுவதால் பெட்டி எங்காவது கிறுகிறுத்தால் மறைக்க முடியாது. நாதஸ்வரம் தவில் இருந்தால் இன்னும் நல்லது. யாழ்ப்பாணத்துத் தட்சணாமூர்த்தியின் தவில் பதிவுகள் பழையவை, ஒலித்தரம் சுமார். ஆனாலும் விரல் வேகத்தில் தவிலின் சொற்கள் (அடிகள்) ஒன்றோடொன்று கலந்து கூழாகின்றனவா, தனித்தனியாக விழுகின்றனவா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சனிக்கிழமை பின்னேரம் போகாதீர்கள். நாலு கடைப் பாட்டும் சேர்ந்து ஒன்றும் கேட்காது.

கடையில் நன்றாக இருந்தது, வீட்டில் கேட்டால் ஒரே இரைச்சலாக இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. அறைதான் காரணம். கொழும்புத் தொடர்மாடி வீடுகளையும் அனெக்ஸ்களையும் யோசித்துப் பாருங்கள்: தரை டைல்ஸ், சுவர் நாலும் சீமெந்து, கண்ணாடி யன்னல், கூரைக்குப் பதில் கொங்கிரீட். ஒலி எங்கு போய் முட்டினாலும் அப்படியே திரும்பி வருகிறது. அறை நடுவில் நின்று ஒரு தரம் கை தட்டுங்கள். "டிங்" என்று ஒரு வால் நீண்டால் ஸ்பீக்கரை மாற்றிப் பயனில்லை.

காசில்லாத வைத்தியம் முதலில். தடித்த கர்ட்டின் போடுங்கள். மேசைக்கும் கதிரைக்கும் இடையில் தரையில் ஒரு பாய் அல்லது கம்பளம். கட்டில் இருக்கும் அறையில் கேட்டால் மெத்தையே பாதி வேலையைச் செய்துவிடும். வரவேற்பறையைவிடப் படுக்கையறையில் பாட்டு இனிமையாக இருப்பது இதனால்தான். கதவு திறந்த புத்தக அலுமாரியும் உதவும்.

அடுத்தது வைக்கும் இடம். இரண்டு பெட்டிக்கும் நடுவில் எவ்வளவு தூரமோ, ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் உங்கள் காதுக்கு அவ்வளவே தூரம் இருக்கட்டும். முகத்தைப் பார்த்தபடி சற்று உள்ளே திருப்புங்கள். ட்வீட்டர் காது உயரத்துக்கு வர வேண்டும். மேசைமேல் தட்டையாக வைத்தால் ஒலி உங்கள் வயிற்றைப் பார்த்துப் போகும், மேசைப் பலகையில் பட்டுத் தெறித்தும் வரும். பெட்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்திச் சாய்த்தாலே போதும். ஒரு பழைய அகராதியோ, மடித்த துவாயோ, என்ன கிடைக்கிறதோ வையுங்கள். துவாய் வைத்தால் மேசை அதிர்வதும் குறையும்.

சுவரும் மூலையும் கீழ் ஒலியைக் கூட்டிவிடும். மூலைக்குள் திணித்த பெட்டியில் பேஸ் குழறும், குரலை மூடும். ஒரு பெட்டி மூலையிலும் மற்றது வெளியிலும் இருந்தால் பாட்டு ஒரு பக்கம் சாயும். முழங்கை நீளம் சுவரிலிருந்து தள்ள முடிந்தால் தள்ளுங்கள். முடியாவிட்டால் பேஸ் குமிழைக் குறையுங்கள். விண்டோஸ் பாவிப்பவர்களுக்கு ஈக்வலைஸர் ஏபிஓ என்ற இலவச மென்பொருள் உண்டு. அதில் 100 முதல் 150 ஹேர்ட்ஸ் வரை மூன்று, நான்கு டெசிபெல் இறக்கிப் பார்த்தால் அறை குழறுவது அடங்கும். கூட்டுவதைவிடக் குறைப்பதே நல்லது. சின்ன ஸ்பீக்கரிடம் இல்லாத பேஸைக் கூட்டிக் கேட்டால் அது திணறித்தான் சாகும்.

இவ்வளவும் செய்த பிறகு ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு பாட்டுக் கேளுங்கள். ஃபேன் சுற்றும் இரைச்சலுக்குள் எத்தனை விசயம் அமிழ்ந்து போகிறது என்று தெரியும். வியர்க்கும், அது வேறு கதை.

சத்தம் வருகிறது, ஆனால் பேஸே இல்லை. குரலும் எங்கிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை.

ஒரு பெட்டியின் வயர் மாறிப் பூட்டியிருக்கும். எடிஃபையர் ஆர்1280டி மாதிரிச் செட்டில் ஒரு பெட்டியிலிருந்து மற்றதுக்கு வெறும் இரட்டை வயர் போகும், பின்னால் சிவப்பு, கறுப்பு கிளிப். ஒரு முனையில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறினால், ஒரு ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். கீழ் ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும். பழைய மோனோ பாட்டு ஒன்றைப் போடுங்கள். குரல் இரண்டு பெட்டிக்கும் நட்ட நடுவில், காற்றில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஒரு பக்கத்து வயரை மட்டும் மாற்றிப் பூட்டிப் பாருங்கள்.

"உம்ம்ம்" என்று ஓயாமல் ஒரு சத்தம்.

நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அந்த 50ம் அதன் மடங்கான 100ம்தான் உங்களுக்குக் கேட்கிறது. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உடனே நின்றால் எர்த் வழியாக வரும் பிரச்சினை. கணினியையும் ஸ்பீக்கரையும் ஒரே மல்டி பிளக்கில் போட்டால் பலருக்குத் தீரும். தீராவிட்டால் 3.5 மில்லிமீற்றர் வயருக்கு நடுவில் போடும் கிரவுண்ட் லூப் ஐசொலேற்றர் என்ற சின்ன உருளை கிடைக்கும், விலை அதிகமில்லை.

உம் இல்லை, மவுஸை அசைத்தால் "கிச் கிச்" என்கிறது என்றால் கணினியின் ஒலித் துளை மட்டம். யூஎஸ்பியில் குத்தும் சின்ன டாக் (DAC, டிஜிட்டல் பாட்டை ஒலியாக மாற்றித் தரும் கருவி) ஒன்று வாங்குங்கள். அப்பிளின் டைப்-சி டொங்கிள் அந்த விலைக்கு ஆச்சரியமான தரம், விண்டோஸிலும் வேலை செய்யும்.

எர்த் முள்ளை வெட்டிவிட்டால் சத்தம் நிற்கும் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள்.

இரண்டு முள் பிளக் வந்திருக்கிறது, 13 ஆம்பியர் துளைக்குள் போகாது.

பேனையால் எர்த் ஓட்டையை அமுக்கிக்கொண்டு செருகும் வித்தை எல்லா வீட்டிலும் நடக்கிறது. அது தளர்வாகத்தான் நிற்கும், சூடாகும், பொறி பறக்கும். ஃபியூஸ் உள்ள அடாப்டர் ஒன்று ஹார்ட்வெயார் கடையில் சில நூறு ரூபா.

புளூடூத்தா, வயரா?

வயர். மேசையில் நிற்கும் பெட்டிக்கு இரண்டடி வயர் ஒரு தொல்லையே இல்லை. புளூடூத்தில் பாட்டு இன்னொரு முறை சுருக்கப்படுகிறது, ஒலி பத்தில் ஒன்றிரண்டு செக்கன் பிந்தியும் வரும். பாட்டுக்கு அது தெரியாது, வீடியோவில் வாயும் சொல்லும் பொருந்தாது. வீட்டில் எல்லாரும் ஃபோனிலிருந்து பாட்டுப் போடுவார்கள் என்றால் இரண்டும் உள்ள செட் எடுங்கள்.

ஒரு புளூடூத் ஸ்பீக்கர் மட்டும் வாங்கினால் போதாதா?

குசினிக்கும் காலிமுகத்திடலுக்கும் போதும். மேசைக்கு முன்னால் இருந்து கேட்க ஒற்றைப் பெட்டி காணாது. இடதும் வலதும் ஒரே இடத்திலிருந்து வந்தால் வயலின் ஒரு பக்கம், குழல் மறுபக்கம் என்று இசையமைப்பாளர் பிரித்து வைத்தது எல்லாம் வீண். புகழ்பெற்ற பெயர்களில் நகல்கள் குவிந்து கிடப்பதும் இந்த வகையில்தான்.

அப்பா கேட்பது ஐம்பது, அறுபதுகளின் பாட்டு மட்டும். அதற்கு நல்ல ஸ்பீக்கர் தேவையா?

தேவை, ஆனால் வேறு மாதிரி நல்லது. அந்தக் காலப் பதிவுகள் மோனோ. ஆழமான பேஸும் இல்லை, மிக மேலே மினுங்கும் ஒலியும் இல்லை. எல்லாம் நடுவில்தான், குரலில்தான். ட்ரெபிள் தூக்கலான ஸ்பீக்கரில் போட்டால் பழைய இசைத்தட்டின் "சர்ர்" இரைச்சல்தான் முன்னால் வந்து நிற்கும். மூன்று, நான்கு அங்குல ஸ்பீக்கர் உள்ள மரப்பெட்டி, ட்ரெபிள் குமிழைச் சற்றுக் குறைத்து. இலங்கை வானொலியில் அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு மரப்பெட்டி வானொலியின் ஒலிதான் காதில் நிற்கிறது. அவர்களுக்குப் பளிச்சென்ற ஸ்பீக்கரைக் கொடுத்தால் "இது அந்தப் பாட்டு இல்லை" என்பார்கள். அதில் நியாயமும் இருக்கிறது.

குமிழ் பெரிதாக, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பின்பக்கம் கையை விட்டுத் தடவும் மொடல் முதியவர்களுக்கு ஆகாது.

யூடியூபில் கேட்கிறேன். அந்தத் தரத்துக்கு இவ்வளவு பார்க்க வேண்டுமா?

யூடியூபின் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 130 முதல் 160 கிலோபிட். ஒழுங்காக ஏற்றிய பாட்டு என்றால் அது மோசமில்லை, இந்த விலை ஸ்பீக்கருக்கு அது தடையும் இல்லை. தடை ஏற்றியவர். கசெட்டிலிருந்து எடுத்து, பேஸைக் கூட்டி, மேலே "எச்டி" என்று ஒட்டியவை ஏராளம். இசை நிறுவனத்தின் அசல் பக்கத்தில் தேடுங்கள். ஸ்பொட்டிஃபை 2021 முதல் இலங்கையிலும் இருக்கிறது. காசு கட்டினால் 320 கிலோபிட்டில் கேட்கலாம். அதே பாட்டை இரண்டிலும் போட்டுப் பார்த்து, வித்தியாசம் தெரிந்தால் மட்டும் கட்டுங்கள்.

பழைய ஜப்பான் செட் ஒன்று மலிவாக வருகிறது. எடுக்கலாமா?

எடுக்கலாம், பார்த்து எடுத்தால். மினி கொம்போ செட்டோடு வந்த கென்வூட், பயனியர், சோனி பெட்டிகள் இக்மன் விளம்பரத் தளத்தில் அடிக்கடி வரும். பெட்டி மட்டும் வாங்கினால் தனியாக அம்ப்ளிஃபையர் வேண்டும், அதையும் கணக்கில் சேருங்கள்.

துணி மூடியைக் கழற்றி, கூம்பைச் சுற்றியிருக்கும் வளையத்தை விரலால் மெல்லத் தொடுங்கள். றப்பர் என்றால் பயமில்லை. ஃபோம் என்றால் நம் ஈரக் காற்றில் அது உக்கிப் போயிருக்கும், தொட்ட விரலில் கறுப்புப் பிசினாக ஒட்டும். பிறகு கூம்பின் இரு பக்கமும் விரல்களை வைத்துச் சமமாக உள்ளே அழுத்தி விடுங்கள். "சரக்" என்று உரசினால் சுருள் சாய்ந்துவிட்டது, வேண்டாம். வொலியூம் குமிழைத் திருப்பும்போது கரகரப்பது மட்டும்தான் குறை என்றால் கிளீனர் அடித்தால் சரியாகும். அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள்.

ஒரு வருட வொரன்டி என்றார்கள். பில்லில் 350 நாள் என்று இருக்கிறதே?

இங்கே பல கணினிக் கடைகளின் பில்லில் ஒரு வருடம் என்பது 350 நாள்தான். கீழே உள்ள சின்ன எழுத்தையும் கடையில் நின்றபடியே வாசியுங்கள். எரிந்தது, இடிவிழுந்தது, துருப்பிடித்தது, பூச்சி புகுந்தது எல்லாம் விலக்கு என்று இருக்கும். அட்டைப் பெட்டியையும் வைத்திருக்கச் சொல்வார்கள். வொரன்டி கடையுடையதா முகவருடையதா என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குவது நல்லது. கொடுத்த வாக்கை மீறினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கம் இருக்கிறது.

கடற்கரைப் பக்கம் வீடு. ஏதும் கவனிக்க வேண்டுமா?

வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடல் பக்கம் இருப்பவர்களுக்கு இது பெரிய விசயம். உப்புக் காற்று ஜாக்கையும் கிளிப்பையும் பச்சை பிடிக்க வைக்கும், சத்தம் விட்டுவிட்டு வரும். சில மாதத்துக்கு ஒரு முறை ஜாக்கைக் கழற்றித் துடைத்துச் செருகுங்கள். யன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். பேஸ் துவாரத்துக்குள் கரப்பான் குடியேறும், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மின்வெட்டு நாட்களுக்கு யூஎஸ்பி ஸ்பீக்கர்தான் ராசா. 2022 இல் 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனபோதும் மடிக்கணினி பட்டரியில் அது பாடியது.

மேல் வீட்டுக்காரர் சத்தம் என்கிறார். நான் குறைத்துத்தானே கேட்கிறேன்?

அவருக்குக் கேட்பது பாட்டு இல்லை, பேஸ் மட்டும். கீழ் ஒலி கொங்கிரீட்டுக்குள்ளால் போகும், குரல் போகாது. தரையில் சப் வைத்திருந்தால் அதைக் குறையுங்கள் அல்லது அணையுங்கள், மொத்தச் சத்தத்தைக் குறைக்கத் தேவையில்லை. இரவு பத்துக்குப் பிறகு ஹெட்ஃபோன். ஒரே காசுக்கு ஸ்பீக்கரைவிட ஹெட்ஃபோனில் நல்ல ஒலி கிடைக்கும் என்பதும் உண்மைதான், ஆனால் கொழும்பு வெக்கையில் காதை மூடிக்கொண்டு அரை மணிக்கு மேல் இருக்க முடியுமா என்று நீங்களே முடிவு பண்ணுங்கள்.

தங்க முலாம் பூசிய வயர் வாங்க வேண்டுமா? புது ஸ்பீக்கரை நூறு மணி நேரம் ஓடவிட வேண்டுமா?

இரண்டும் வேண்டாம்.

நான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று யாருடைய பாட்டோ பாடுகிறது.

தொடர்மாடிதானே? பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஃபோன் உங்கள் ஸ்பீக்கரோடு ஒட்டிக்கொண்டது. மலிவு செட்டில் புளூடூத்துக்குப் பாஸ்வேர்ட் கிடையாது, யாரும் வரலாம். வயரில் கேட்கும்போது ரிமோட்டில் ஓக்ஸ் அல்லது லைன்-இன் பக்கத்துக்கு மாற்றி வையுங்கள், பெரும்பாலான செட்டில் அப்போது புளூடூத் விலகிவிடும். மாறாவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போய், ஃபோனில் அந்த ஸ்பீக்கரின் பெயரை அழிக்கச் சொல்லுங்கள்.